எடை குறைக்கும் மருந்துக்கு எந்த இணையவழிச் சேவை? உவர்மலை ஆசிரியைக்கு ஒரு விரிவான பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

இதே கேள்வியோடு திருகோணமலையில் இன்னும் பலர் இருப்பதால், நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 43, உயரம் 156 சென்ரிமீற்றர், எடை 86 கிலோ. நான்கு ஆண்டுகளாகச் சீனி வருத்தமும் இரண்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தமும் இருக்கின்றன. சீனிக்கு மெட்ஃபோமின், கிளிக்லசைட், அழுத்தத்துக்கு லோசார்டன் ஆகிய மூன்றையும் கிளினிக்கில் எடுத்து வருகிறீர்கள். எடை குறைக்கும் ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டு இணையத்தில் தேடியபோது மூன்று வழிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று, பேஸ்புக் விளம்பரத்தில் வந்த சேவை. படிவம் நிரப்பிப் பணம் கட்டினால் மூன்று நாளில் மருந்து வீட்டுக்கு வரும் என்கிறது. இரண்டாவது, கொழும்பில் இருந்து வீடியோ மூலம் வைத்தியர் பார்க்கும் சேவை. மூன்றாவது, கனடாவில் இருக்கும் உங்கள் அக்கா தான் சேர்ந்திருக்கும் இணையவழித் திட்டத்தில் உங்கள் விபரங்களையும் கொடுத்து, ஊசியை ஊருக்கு வருபவர்களிடம் அனுப்பிவிடலாம் என்று சொல்வது. எதைத் தெரிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வைத்தியன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளராக வேலை செய்தவன். உங்களுக்கு இந்த மருந்து தேவையா என்பதை உங்களைப் பரிசோதிக்கும் வைத்தியரே சொல்ல வேண்டும். ஆனால் ஒரு சேவை நம்பத்தக்கதா, அது அனுப்பும் பொருள் மருந்துதானா, அது நம் வெயிலைத் தாங்கி வந்து சேருமா என்பவற்றைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாவதை விட்டுவிடுங்கள். மூன்றாவதை அக்காவின் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள். இரண்டாவதைச் சில நிபந்தனைகளோடு எடுத்துக்கொள்ளலாம். அந்த நிபந்தனைகளில் பாதியை நீங்கள் இந்த ஊரிலேயே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

இந்த ஊசிகளைப் பற்றிய உண்மையான எண்கள் தெரிந்திருந்தால் விளம்பரங்களைத் தரம் பிரிப்பது சுலபம். இப்போது அதிகம் பேசப்படுபவை இரண்டு மருந்துகள். ஒன்று செமாகுளுட்டைட், நீரிழிவுக்கு ஒசெம்பிக் என்ற பெயரிலும் எடைக்கு வெகோவி என்ற பெயரிலும் வருகிறது. மற்றையது டிர்செபடைட், மௌஞ்சாரோ என்றும், எடைக்காக அமெரிக்காவில் செப்பவுண்ட் என்றும் விற்கப்படுகிறது. இரண்டும் வாரத்துக்கு ஒரு தடவை தோலுக்குக் கீழே போடும் ஊசிகள். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹோர்மோன்களைப் போல வேலை செய்து பசியை அடக்குகின்றன, இரைப்பை காலியாவதை மெதுவாக்குகின்றன. 2021இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் செமாகுளுட்டைட் 2.4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக 14.9 வீத எடை குறைந்தது. விளம்பரங்கள் எல்லாம் பிடித்துக்கொண்டிருப்பது இந்த எண்ணைத்தான். ஆனால் அந்த ஆய்வில் நீரிழிவு உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. நீரிழிவு உள்ளவர்களை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில், அதே அளவு மருந்துக்கும் அதே 68 வாரங்களுக்கும் குறைந்தது 9.6 வீதம். டிர்செபடைட்டிலும் அப்படியே: நீரிழிவு இல்லாதவர்களுக்கு உச்ச அளவில் 20.9 வீதம் குறைந்தது, நீரிழிவு உள்ளவர்களுக்கு 14.7 வீதம்தான் குறைந்தது. உங்களுடைய 86 கிலோவில் 9.6 வீதம் என்பது ஏறக்குறைய 8 கிலோ. அது சின்ன நன்மை அல்ல. உங்கள் சீனியும் அழுத்தமும் அதோடு நன்றாக இறங்கலாம். ஆனால் “மூன்று மாதத்தில் 20 கிலோ” என்று உங்களிடம் சொல்லும் சேவை, உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதென்பதைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உண்மையில் அவர்கள் கேட்கவில்லை. நீங்கள் அனுப்பிய அந்த முதலாவது சேவையின் படிவத்தைக் கவனமாகப் பார்த்தேன். பெயர், முகவரி, உயரம், எடை, எவ்வளவு குறைக்க விருப்பம், எந்தப் பொதி வேண்டும், பணம் எப்படிச் செலுத்துவீர்கள், இவ்வளவுதான். இப்போது எடுக்கும் குளுசைகள் என்ன என்ற ஒரு கேள்விகூட இல்லை. உங்கள் விடயத்தில் மிகவும் ஆபத்தான இடமே அதுதான். கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. மெட்ஃபோமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஊசியால் சீனி மிகவும் இறங்குவது அரிது. ஆனால் கிளிக்லசைட்டோ இன்சுலினோ எடுப்பவருக்கு ஊசியும் சேர்ந்து, சாப்பாடும் பாதியாகக் குறைந்தால், சீனி தடாலென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, வகுப்பறையிலேயே மயங்கி விழக்கூடும். அதனால்தான் ஊசியைத் தொடங்கும்போது கிளிக்லசைட்டின் அளவை வைத்தியர்கள் பெரும்பாலும் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள்.

லோசார்டனும் அப்படி ஒரு கேள்வியைக் கொண்டுவருகிறது. முதல் மாதங்களில் வயிற்றுப்பிரட்டலும் சத்தியும் வயிற்றோட்டமும் பலருக்கு வரும். உடம்பில் நீர் குறைந்திருக்கும் வேளையில் லோசார்டன் போன்ற குளுசைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சத்தி நிற்காத நாட்களில் லோசார்டனையும் மெட்ஃபோமினையும் என்ன செய்வது என்பதை, அந்த நாள் வருவதற்கு முன்பே சொல்லித் தருவது ஒரு நல்ல சேவையின் கடமை.

கண்ணையும் மறக்கக் கூடாது. 2016இல் வெளியான செமாகுளுட்டைட் ஆய்வொன்றில், மருந்து எடுத்தவர்களில் 3.0 வீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 1.8 வீதத்தினருக்கும் நீரிழிவினால் வரும் விழித்திரைச் சிக்கல்கள் ஏற்பட்டன. ஏற்கனவே விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்களிடம் சீனி மிக வேகமாக இறங்குவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே கடைசியாகக் கண் பரிசோதித்தது எப்போது என்று கேட்காமல் சீனி வருத்தக்காரருக்கு இந்த ஊசியை எழுதும் எவரும் அவசரப்படுகிறார் என்றே நான் சொல்வேன். இவற்றுக்கு மேல், குடும்பத்தில் யாருக்காவது மெடுலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் இருந்ததா, கணைய அழற்சி வந்ததுண்டா, பித்தப்பைக் கல் உண்டா, பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்பவையும் கேட்கப்பட வேண்டும். செமாகுளுட்டைட்டைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது 2 மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைட் கர்ப்பத்தடைக் குளுசையின் பலனைக் குறைக்கக்கூடியது என்பதால், தொடங்கிய பின் 4 வாரங்களுக்கும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு தடவையும் 4 வாரங்களுக்கும் வேறு பாதுகாப்புத் தேவை. இந்தக் கேள்விகளைச் சங்கடமில்லாமல், அவசரமில்லாமல் கேட்டுப் பதிலை எழுதிக்கொள்ளும் வைத்தியர் கிடைத்தால், அந்தச் சேவையின் கட்டணம் சற்று அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை.

படிவத்தை மட்டும் நம்புவது போதாது என்று மற்ற நாடுகளும் உணர்ந்திருக்கின்றன. பிரித்தானியாவில் மருந்தகங்களை ஒழுங்குபடுத்தும் சபை, 2025 பெப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டலில், எடை குறைக்கும் மருந்து கேட்பவரின் உயரத்தையும் எடையையும் அவர் எழுதிக் கொடுத்ததை வைத்து ஏற்றுக்கொள்ளாமல், வீடியோ மூலமோ நேரிலோ அவரது வைத்தியரிடமோ சரிபார்க்க வேண்டும் என்று இணைய மருந்தகங்களுக்குச் சொல்லியிருக்கிறது. நமக்கும் இதுவே நல்ல அளவுகோல். வீடியோவில் முகத்தைப் பார்க்காமல் மருந்து எழுதுபவரிடம் போகாதீர்கள்.

அந்த முகம் யாருடையது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் வைத்தியம் பார்ப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவை அச்சபையின் இணையத்தளத்தில் பெயரையோ பதிவு இலக்கத்தையோ கொடுத்துப் பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன்பு, என்னைப் பார்க்கப்போகும் வைத்தியரின் முழுப்பெயரும் பதிவு இலக்கமும் என்ன என்று கேளுங்கள். நேர்மையான சேவை ஒரு நிமிடத்தில் பதில் தரும். “எங்கள் வைத்தியர் குழு” என்று சுற்றி வளைத்துப் பதில் வந்தால், அங்கே ஒரு வைத்தியர் இருக்கிறாரா என்பதே சந்தேகம். உங்கள் சீனி வருத்தத்தையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய அகஞ்சுரக்கும் சுரப்பிகள் தொடர்பான நிபுணரோ பொது வைத்திய நிபுணரோ அந்தச் சேவையில் இருந்தால் மிக நல்லது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் ஆங்கிலம் நன்றாகப் பேசுவீர்கள் என்றாலும், தமிழில் பேசக்கூடிய வைத்தியரைக் கேட்டு வாங்குங்கள். வயிற்றுப்பிரட்டல் வேறு, வயிறு ஊதல் வேறு, நெஞ்சு எரிவு வேறு, வயிற்றுக்குள்ளே இறுக்கிப் பிடிப்பது வேறு. இவற்றின் வேறுபாட்டை வைத்துத்தான் இது சாதாரணப் பக்கவிளைவா, கணையமா, பித்தப்பையா என்று வைத்தியர் ஊகிக்கிறார். விரதத்தைப் பற்றியும் அவரிடம் சொல்ல வேண்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமுமாக இருப்பவர், கேதாரகௌரி விரதம் பிடிப்பவர், கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு நோற்கும் நம் அயலவர் ஆகியோருக்கெல்லாம், ஊசியோடு பட்டினியும் சேரும்போது மருந்துகளின் அளவை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கலாம். இதைக் கேட்கத் தெரிந்த வைத்தியர், நீங்கள் வாழும் வாழ்க்கையைத் தெரிந்தவர்.

கனடாத் திட்டத்தைப் பற்றி இப்போது சொல்கிறேன். அக்காவின் அன்பில் குறை இல்லை. ஆனால் அங்குள்ள வைத்தியர் அங்கே இருக்கும் நோயாளியைப் பார்ப்பதற்குத்தான் அனுமதி பெற்றவர். உங்கள் விபரங்களை அவருக்குக் கொடுப்பதென்றால், கனடாவில் இருப்பதாகப் பொய் சொல்ல வேண்டும், அல்லது அக்காவின் பெயரில் மருந்து எடுக்க வேண்டும். அக்காவின் பெயரில் எழுதிய மருந்து அக்காவின் இரத்தப் பரிசோதனையை வைத்து எழுதியது. அவருக்குச் சீனி வருத்தம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏதாவது நடந்து இங்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், எந்த மருந்து, எந்த அளவு, யார் எழுதியது என்ற கேள்விக்கு ஒரு துண்டுக் காகிதமும் இராது.

இனி மருந்தைப் பற்றி. நமது நாட்டில் விற்கப்படும் மருந்துகளைப் பதிவு செய்வது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை. சேவை எழுதித்தரும் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பதிவு இலக்கம் மூன்றையும் கேட்டு வாங்கி, அதிகார சபையின் பதிவோடு ஒப்பிடுங்கள். மருந்தைச் சேவையே அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்கு இல்லை. வைத்தியரிடம் மருந்துச்சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, உரிமம் பெற்ற மருந்தகத்தில் பற்றுச்சீட்டோடு வாங்குவதற்கு அனுமதிக்கும் சேவையைத்தான் நான் விரும்புவேன். மருந்துச்சீட்டைக் கையில் தர மறுத்து, எங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

போலி மருந்து என்பது வெறும் பயமுறுத்தல் அல்ல. பிரேசில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் 2023இல் போலி ஒசெம்பிக் பிடிபட்டதைச் சொல்லி, 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. கட்டுப்பாடு இறுக்கமான நாடுகளின் விநியோகத்துக்குள்ளேயே அது நுழைந்ததென்றால், பேஸ்புக் பக்கத்தில் இருந்து வரும் பொதியைப் பற்றி என்ன சொல்வது? அமெரிக்காவில் மருந்துத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், மருந்தகங்களே கலந்து குப்பிகளில் அடைத்த செமாகுளுட்டைட்டை இணையச் சேவைகள் பெருமளவில் விற்றன. மருந்து நிறுவனத்தின் ஊசி பேனா வடிவக் கருவியில் வருகிறது, அதில் அளவு குறிக்கப்பட்டிருக்கும். குப்பியில் நோயாளியே சிறிஞ்சில் உறிஞ்சி எடுக்க வேண்டும். பத்து மடங்கு அளவை எடுத்த சம்பவங்கள் நடந்தன. வேண்டிய அளவைவிட 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டவர்கள் இருந்ததை 2024 ஜூலையில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது.

இதை நான் செய்தியாக மட்டும் படிக்கவில்லை. ஒரு நாள் பின்னேரம், மருந்தகம் பூட்டும் நேரத்தில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை மேசையில் வைத்தார். இணையத்தில் வாங்கியதாம். சுற்றியிருந்த லேபலில் மருந்தின் பெயர் இல்லை. ஒரு எண்ணும், புரியாத எழுத்தில் ஒரு வரியும்தான் இருந்தன. மூடியின் அலுமினிய வளையம் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. வட்ஸ்அப்பில் வந்த குறிப்பில் “10” என்று மட்டும் எழுதியிருந்தது. அலகா, கோடா, மில்லிகிராமா என்று இல்லை. அவர் தன் தாயாரின் இன்சுலின் சிறிஞ்சை எடுத்து, பெரிய கோடுகள் பத்தை எண்ணியிருக்கிறார். 100 அலகுச் சிறிஞ்சில் அது சிறிஞ்சு முழுவதும். மூன்று நாளாகச் சத்தி. உதடு வெடித்து, கண் உள்ளே போய், நிற்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடனே வைத்தியசாலைக்கு அனுப்பி வைத்தேன், பிழைத்துக்கொண்டார். செமாகுளுட்டைட் உடம்பில் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது. அன்றிலிருந்து குப்பியாக வரும் எதையும் வாங்காதீர்கள் என்று கேட்பவர் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். இதே காரணத்தால், பெரிய அளவுப் பேனாவை வாங்கி, அதைத் திருகும்போது கேட்கும் சொடுக்குகளை எண்ணிப் பிரித்துப் போட்டால் பணம் மிச்சம் என்று சொல்லும் காணொளிகளையும் பின்பற்ற வேண்டாம்.

பெயர் தெரிந்த, பதிவு செய்த பேனாவாக இருந்தாலும், அது உங்கள் வீட்டுக்கு எப்படி வருகிறது என்ற கேள்வி திருகோணமலைக்கு மிகவும் முக்கியமானது. திறக்காத ஒசெம்பிக் பேனா 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் இருக்க வேண்டும். பாவிக்கத் தொடங்கிய பின் 30 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் 56 நாட்கள் வைத்திருக்கலாம். மௌஞ்சாரோவை 30 பாகைக்கு மேற்படாமல் குளிருக்கு வெளியே 21 நாட்கள் வரை வைத்திருக்கலாம். இந்த 30 பாகை என்ற எல்லையை எழுதியவர்கள் நம் கச்சான் காற்று வீசும் காலத்தை அறியமாட்டார்கள். ஆனி ஆடியில் மதியம் வெயில் 35ஐத் தாண்டும் நாட்களில், கூரியர் வாகனத்துக்குள் இருக்கும் பெட்டியின் நிலையை நினைத்துப் பாருங்கள். கொழும்பில் இருந்து இங்கே 250 கிலோமீற்றருக்கு மேல். வண்டி வந்து சேர்வது ஒரு வேளை என்றால், வீட்டுக்கு வந்து சேர்வது இன்னொரு வேளை. ஒரு ஆடி மாதம் எங்களுக்கே வந்த வேறொரு குளிர் மருந்துப் பொதியைத் திறந்தபோது, உள்ளே இருந்த ஐஸ் பைகள் இரண்டும் உருகி, தொட்டால் காய்ச்சல்காரரின் நெற்றியைப் போல இருந்தன. அந்தப் பொதி முழுவதையும் திருப்பி அனுப்பினோம். மருந்தின் நிறத்தில் எந்த மாற்றமும் இல்லை என்பதுதான் அதில் கவலைக்குரியது. வெப்பத்தில் பலன் இழந்த மருந்தைக் கண்ணால் எப்போதும் அடையாளம் காண முடியாது.

ஆகவே சேவையிடம் கேளுங்கள்: எந்த நாளில் அனுப்புகிறீர்கள், எத்தனை மணித்தியாலத்தில் வந்து சேரும், வெப்பநிலை காட்டும் அட்டை பெட்டிக்குள் இருக்குமா, சூடாக வந்தால் மாற்றித் தருவீர்களா? வெள்ளிக்கிழமை அனுப்பி, சனி ஞாயிறு களஞ்சியத்தில் கிடந்து, திங்கள் வரும் பொதியை ஏற்காதீர்கள். இதைவிட நல்ல வழி, குளிர்சாதன வசதியுள்ள உள்ளூர் மருந்தகம் ஒன்றில் முன்கூட்டியே சொல்லி வைத்து, நீங்களே ஒரு சிறிய குளிர்ப்பெட்டியோடு போய் எடுத்துவருவது. வீட்டில் பிரிட்ஜின் மேல் தட்டில், உறைபெட்டிக்கு அருகே வைக்க வேண்டாம். உறைந்த பேனாவை உருகிய பிறகும் பாவிக்கக் கூடாது. நடுத்தட்டில், பெட்டியோடு வையுங்கள். மின்வெட்டு நீடிக்கும் நாளில் பிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள். கனடாவில் இருந்து வருபவரின் பயணப்பெட்டியில் பேனா ஊசி வருவதை நான் மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: விமானத்தின் சரக்கறையில் உறையலாம், கட்டுநாயக்காவில் இருந்து வரும் வாகனத்தில் அவியலாம்.

பணம் கட்டிய பிறகு அந்தச் சேவை எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே அறிவதுதான் மிகக் கடினம், ஆனால் என் பார்வையில் தெரிவின் மையமே அங்கேதான் இருக்கிறது. வெகோவியை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை 0.5, 1, 1.7 என்று கூட்டி, 16 வாரங்களுக்குப் பிறகே 2.4க்குப் போவார்கள். டிர்செபடைட்டும் 2.5இல் தொடங்கி மெதுவாகவே ஏறும். ஒவ்வொரு படியிலும், ஏறலாமா, அங்கேயே நிற்கலாமா, கீழே இறங்கலாமா என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டும். சில சேவைகளில் அந்த ஏற்றம் தானாகவே நடக்கிறது: மாதம் பிறந்ததும் அடுத்த அளவு பெட்டியில் வந்துவிடுகிறது, நீங்கள் சாப்பிட முடியாமல் கிடந்தாலும். எனவே கேட்க வேண்டியது இது: முதல் நான்கு மாதங்களில் எத்தனை தடவை வைத்தியரே என்னைப் பார்ப்பார்? இரவு பத்து மணிக்குச் சத்தி நிற்கவில்லை என்றால் யாரை அழைப்பது? சேருவதற்கு முன்பே ஒரு நாள் இரவு அந்த இலக்கத்துக்கு அழைத்துப் பாருங்கள். தானியங்கிக் குரல் மட்டும் பதில் சொன்னால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

எவ்வளவு நல்ல சேவையானாலும், கொழும்பில் இருப்பவர் உங்கள் வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுப் பக்கம் பாயும் விடாத வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலா எலும்புக்குக் கீழே வரும் வலியும் கண் மஞ்சளாவதும் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். எடை வேகமாகக் குறைபவர்களிடம் பித்தக்கல் கூடுதலாக வருகிறது. இந்த நேரங்களில் செயலியைத் திறந்து செய்தி அனுப்பிக்கொண்டிருக்காமல், 1990 அம்புலன்ஸை அழைத்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள், பேனாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதனால்தான் உங்கள் கிளினிக் வைத்தியருக்குத் தெரியாமல் இதைத் தொடங்க வேண்டாம் என்கிறேன். பலர் திட்டு விழும் என்று பயந்து மறைக்கிறார்கள். இணையச் சேவை எழுதியதை உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதச் செய்யுங்கள். கிளினிக்குக்கு அனுப்பக்கூடிய ஒரு கடிதத்தைத் தருவீர்களா என்று சேவையிடம் கேளுங்கள்; தருவோம் என்று சொல்வது நல்ல அடையாளம்.

செலவில் ஏமாறும் இடம் ஒன்றே ஒன்று: முதல் மாதத்தின் விலை. தொடக்க அளவு சிறியது என்பதால் விலையும் பெரும்பாலும் குறைவு. விளம்பரத்தில் இருப்பது அதுதான். நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டியது உச்ச அளவில் ஒரு ஆண்டு முழுவதற்கும் ஆகும் மருந்துச் செலவு, வைத்தியர் கட்டணம், அங்கத்துவக் கட்டணம் இருந்தால் அது, அனுப்பும் செலவு, இரத்தப் பரிசோதனைகள். வங்கி அட்டையில் இருந்து மாதாமாதம் தானாகக் கழியும் ஏற்பாடு என்றால், அதை எப்படி நிறுத்துவது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த ஆண்டுச் செலவு ஆசிரியச் சம்பளத்தில் தாங்குமா என்று வீட்டில் இருந்து பேசுங்கள், ஏனென்றால் இது மூன்று மாத மருந்து அல்ல. நான் மேலே சொன்ன முதலாவது ஆய்வில் பங்குபற்றியவர்களை மருந்து நிறுத்திய பிறகும் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரு ஆண்டுக்குள் திரும்பி வந்திருந்தது. நான்கு மாதம் கடன்பட்டுப் போட்டுவிட்டு நிறுத்துவதைவிட, உங்கள் கைக்கு எட்டும் வேறு சிகிச்சையை நீண்ட காலம் செய்வது நல்லது.

அப்படி வேறு சிகிச்சைகள் உண்டு என்பதையும் ஒரு நல்ல சேவை சொல்லும். செமாகுளுட்டைட் ரைபெல்சஸ் என்ற பெயரில் நீரிழிவுக்கான தினசரிக் குளுசையாகவும் இருக்கிறது. அதற்குக் குளிர் தேவையில்லை, ஆனால் காலையில் வெறும் வயிற்றில் 120 மில்லிலீற்றருக்கு மேற்படாத தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் எதுவும் சாப்பிடாமல், தேநீர்கூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். எடை குறைவதும் ஊசியைவிடக் குறைவு. ஓர்லிஸ்டட் என்ற பழைய மருந்து உணவில் உள்ள கொழுப்பில் ஏறக்குறைய 30 வீதத்தை உடம்பு உறிஞ்சாமல் தடுக்கிறது. தேங்காய்ப்பாலும் பொரியலுமாகச் சாப்பிட்டால் எண்ணெயாக மலம் கழியும். அந்தச் சங்கடத்தைத் தாங்க முடிந்தால் செலவு குறைந்த வழி. ஆனால் மூலிகை என்ற பெயரில் வரும் “மெலிவுக் கோப்பி”, “மெலிவுத் தேநீர்” எதையும் தொடாதீர்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்துக்காக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மீளப்பெறப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, இப்படிப்பட்ட பொருட்களில் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பது உலகெங்கும் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்படுகிறது. இரத்த அழுத்தம் உள்ள உங்களுக்கு அது மிகவும் ஆபத்து.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சேவை உங்களிடம் என்ன சொல்கிறது என்றும் கவனியுங்கள். ஓட்ஸ், வெண்ணெய்ப்பழம், சால்மன் என்று எங்கோ எழுதிய பட்டியலை அனுப்புபவர்களுக்கு நீங்கள் வெறும் ஒரு கணக்கு இலக்கம். பசி அடங்கியவர் முதலில் விடுவது மீனையும் முட்டையையும்தான். இரண்டு இடியப்பமும் சொதியும் போதும் என்று எழும்பிவிடுவார். அப்படியிருந்தால் கொழுப்போடு தசையும் கரையும். நெத்தலி, கீரி, சூரை என்று காலையில் கடற்கரையில் வந்து இறங்கும் மீன் இருக்கும் ஊர் இது. தட்டில் மீனையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, பிறகு இடியப்பத்துக்கு வாருங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாரம் தூக்கும் பயிற்சியும் செய்யச் சொல்லும் சேவை, எடையோடு உங்கள் பலத்தையும் நினைக்கிறது.

உங்கள் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலாவது சேவை உடம்பின் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறது. அனுப்பாதீர்கள். எடையைச் சரிபார்க்க வேண்டுமென்றால் வீடியோவில் தராசில் ஏறிக் காட்டுவது போதும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் நம் நாட்டிலும் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது; ஆனால் முகவரி இல்லாத ஒரு பக்கத்துக்கு அனுப்பிய படத்தை எந்தச் சட்டத்தாலும் எளிதில் திரும்பப் பெற முடியாது.

கொழும்புச் சேவையில் நேரம் பதிவதற்கு முன்பு மூன்று மாதச் சராசரிச் சீனி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின், ஈரல் நொதியங்கள், சிறுநீரில் புரதம் ஆகிய பரிசோதனைகளை இங்கேயே செய்து, கண் கிளினிக்கிலும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அந்த அறிக்கைகளையும் குளுசைகளின் பெயரும் அளவும் தெரியும்படி எடுத்த படத்தையும் முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். வீடியோவில் வந்த வைத்தியர் அவற்றைப் படித்திருக்கிறாரா என்பது முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். படிக்காமல் ஊசியை எழுதினால், நன்றி சொல்லிவிட்டு வேறு வைத்தியரைக் கேளுங்கள். படித்துவிட்டு, உங்களுக்கு இப்போது ஊசி வேண்டாம், முதலில் கண்ணைப் பார்ப்போம் என்று அவர் சொன்னாலும் கட்டணம் வீண் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சேவையிலேயே தொடர்ந்து இருங்கள். ஊசி எழுதப்பட்டு பேனா உங்கள் பிரிட்ஜுக்கு வந்துவிட்டாலும், கிளிக்லசைட்டை எந்த அளவுக்குக் குறைப்பது என்பதை உங்கள் கிளினிக் வைத்தியர் கொப்பியில் எழுதித் தரும் வரை முதலாவது ஊசியைப் போடாதீர்கள்.